அலுமினியப் பெட்டி குளிருமா?
கணினிக் கேள்வி பதில்

இந்த முறை சிறிய வீட்டுக் கணினிக்கான கேபினெட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டு முகப்பு அறையில் வைக்க ஒரு சின்னக் கணினி கட்டப் போகிறோம். கடையில் 10 லிட்டர் அலுமினிய கேபினெட் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதே அளவு இரும்புப் பெட்டியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. “அலுமினியம் சூட்டை இழுத்து வெளியே விட்டுவிடும், நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் சரி” என்கிறார் கடைக்காரர். நிஜமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பாதி நிஜம். அந்தப் பாதியும் உங்களுக்குப் பயன்படாத பாதி.

இரும்புத் தகட்டைவிட அலுமினியம் மூன்று நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதில் தகராறு இல்லை. ஆனால் சூடு முதலில் அந்தத் தகட்டுக்கு வந்து சேர வேண்டுமே! பிராசஸரின் சூடு அதன்மேல் உட்காரும் கூலருக்குப் போகிறது, கூலரிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குப் போகிறது. காற்றோ மகா சோம்பேறி. அடுப்பை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்த இட்லிப்பானை செம்பாக இருந்தால் என்ன, ஈயமாக இருந்தால் என்ன? 10 லிட்டர் பெட்டியின் உள்காற்று வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுவர்கள் வழியாக மட்டும் வெளியேறுவது பத்துப் பதினைந்து வாட்தான். பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டியிலும் அநேகமாக அதே கணக்குதான்.

மீதிச் சூட்டைக் காற்றுதான் சுமந்து போக வேண்டும். ‘65 வாட்’ என்று அட்டையில் போட்ட ஏஎம்டி பிராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 100 வாட் என்று வையுங்கள். உள்ளே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இந்த 100 வாட்டை வெளியேற்ற நிமிடத்துக்கு அரை கன மீட்டர் காற்று வேண்டும். ஃபேன் பெட்டிகளில் அச்சிடும் ‘சிஎஃப்எம்’ (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் அது 18. ஒரு 120 மி.மீ. ஃபேனில் 50 என்று போட்டிருப்பார்கள். தூசி வலையும் துளைத் தகடும் குறுக்கே வந்தால் பாதிதான் தேறும். அந்தப் பாதியே உங்களுக்குப் போதும், பெட்டியில் துளை இருந்தால்!

ஆகவே உலோகத்தை விட்டுவிட்டுத் துளைகளைப் பாருங்கள். முகப்பில் பளபளவென்று முழுத் தகடு, ஓரத்தில் அரை விரல் இடைவெளி என்று இருக்கும் பெட்டி எந்த உலோகமானாலும் வேண்டாம். காற்று நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் எதிரெதிரே இருக்க வேண்டும். உங்கள் வீட்டையே பாருங்கள், முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேராக நிற்கும். காற்று உள்ளே வந்த வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை. ஃபேன் வைத்த இடத்துக்கு நேர் எதிரே மூடிய சுவர் உள்ள கேபினெட்டில் சூடான காற்றே சுற்றிச் சுற்றி வரும்.

இணையத்தில் வரும் சோதனை அளவுகளைப் படிக்கும்போது ஒரு திருத்தம் தேவை. அவை பெரும்பாலும் 21, 22 டிகிரி ஏசி அறையில் எடுத்தவை. மே மாத மதியம் உங்கள் அறை 36 டிகிரி என்றால் அந்த 14 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே 74 காட்டிய பிராசஸர் இங்கே 88 காட்டும். பல பிராசஸர்களுக்கு 95 டிகிரிதான் எல்லை, அதைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விமர்சனத்தில் 70-க்குக் கீழே இருக்கும் பெட்டியும் கூலரும் சேர்ந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இங்கே நிம்மதி. மாடி அறையைவிட, தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கீழ்க்கட்டு அறையில் வைப்பதே சில டிகிரிகளைக் குறைத்துவிடும், செலவில்லாமல்.

அலுமினியத்துக்கு நியாயமாகக் காசு கொடுக்கக்கூடிய காரணங்கள் வேறு. துரு பிடிக்காது. எடை குறைவு: 0.8 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ, 1.5 மி.மீ. அலுமினியத் தகடு 4 கிலோ சொச்சம். பார்வைக்கு நேர்த்தி. இந்த மூன்றுக்கும் இரண்டு மடங்கு விலை தகுமா என்பது உங்கள் விருப்பம். சூட்டுக்காக என்றால் தகாது.

கேள்வி: பெட்டியை ஆன்லைனில்தான் வாங்க முடிகிறது, நேரில் பார்க்க வழியில்லை. பாகங்கள் பொருந்துமா என்று வாங்குமுன் எப்படிக் கணக்குப் பார்ப்பது?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: லிட்டர் கணக்கை நம்பி இறங்காதீர்கள். 7.2 லிட்டர் ‘டான் ஏ4’ பெட்டியில் நீளமான கிராஃபிக்ஸ் கார்டு போகும், அதைவிடப் பெரிய சில பெட்டிகளில் போகாது. மில்லிமீட்டர்தான் பேச வேண்டும்.

முதலில் மதர்போர்டு. மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. ‘காம்பாக்ட்’ என்று எழுதிய பெட்டி இவற்றில் எதை ஏற்கும் என்று பாருங்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பாகம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஏடிஎக்ஸ் 150 அகலம், 86 உயரம், 140 ஆழம். சின்னப் பெட்டிகள் கேட்பது எஸ்எஃப்எக்ஸ்: 125, 63.5, 100. எஸ்எஃப்எக்ஸ்-எல் என்றால் ஆழம் மட்டும் 130. இந்த 30 மி.மீ. வித்தியாசம் கேபிள் மடங்கும் இடத்தை அப்படியே தின்றுவிடும். பழைய கணினியிலிருந்து எடுத்த எஸ்எம்பிஎஸ் கைவசம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கூலர் உயரம் என்று 45 மி.மீ. போட்டிருந்தால் 45 மி.மீ. கூலர் வாங்கக் கூடாது. ஃபேன் மேலிருந்து காற்றை இழுக்கும் வகை என்றால் ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவே கொஞ்சமாவது இடம் வேண்டும். துளையே இல்லாத மூடி என்றால் 15 மி.மீ. விடுங்கள். துளைத் தகடு என்றால் 3 மி.மீ. விட்டாலே போதும், ஒட்டி நின்றால் விசில் போலக் கூவும். தாழ்ந்த கூலர் மெமரியின் மேல் வந்து உட்காரும் என்பதையும் மறக்க வேண்டாம். அலங்காரத் தகடு இல்லாத மெமரி 31 மி.மீ. உயரம்தான், அதையே வாங்குங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு போடுவதானால் நீளம், தடிமன் இரண்டையும் பார்த்துவிட்டு, பவர் பிளக் எந்தப் பக்கம் வருகிறது என்றும் பாருங்கள். கார்டின் முதுகில் பிளக் சொருகினால் கேபிள் மடங்க 30, 35 மி.மீ. கூடுதலாக வேண்டும். அழுத்தி மடக்கி மூடினால் பிளக் தளர்ந்து உருகவும் கூடும். ரைசர் கேபிள் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) கொண்ட பெட்டி என்றால் அந்தக் கேபிள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3-ஆம் தலைமுறையா, 4-ஆம் தலைமுறையா என்று கேளுங்கள். 3-ஆம் தலைமுறைக் கேபிளில் 4-ஆம் தலைமுறைக் கார்டைப் போட்டால் திரையே வராமல் போகலாம், அல்லது விளையாட்டின் நடுவே விழலாம். கார்டைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புமுன் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட்டை 3-ஆம் தலைமுறைக்கு மாற்றிப் பாருங்கள்.

அட்டைப் பெட்டியை வெட்டி 170-க்கு 170 ஒரு துண்டும், எஸ்எம்பிஎஸ், கார்டு அளவில் கட்டைகளும் செய்து மேசையில் வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். படத்தில் பார்ப்பதைவிட இது மேல்.

பெட்டி வந்து கட்டி முடித்த பிறகு ஒரு சோதனை. அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, முழுச் சுமை கொடுக்கும் மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டி பிராசஸர் வெப்பத்தைக் குறியுங்கள். பிறகு பக்க மூடியைக் கழற்றிவிட்டு மீண்டும் அரை மணி நேரம். இரண்டுக்கும் வித்தியாசம் நாலைந்து டிகிரி என்றால் நல்ல பெட்டி. பத்தைத் தாண்டினால் காற்று வழி சரியில்லை. ஃபேனின் திசையைத் திருப்பியோ கேபிள்களை ஒதுக்கியோ பாருங்கள். மூடி திறந்தால் சூடு கூடுகிறதா? மிக நல்ல வடிவமைப்பு, மூடியே வையுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டிய கணினியின் அலுமினியப் பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டிருந்தால் இல்லை, ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்றால்தான். முன்பிருந்த இரும்புப் பெட்டியில் இப்படி இல்லை. கேபினெட் கோளாறா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கேபினெட் கோளாறு இல்லை. உங்கள் வீட்டில் எர்த்தே இல்லை, அதுதான் கோளாறு. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில், 115 வோல்ட்டில், மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு நிற்கிறது. நாளை எஸ்எம்பிஎஸ் உள்ளே உண்மையாகவே ஃபேஸ் உரசிவிட்டால் ஃபியூஸ் போகாது. பெட்டி முழு 230 வோல்ட்டில் நிற்கும். பழைய பெட்டியில் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதன் தடித்த பெயின்ட்டாக இருக்கும்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்துக்குள் ஓடும் வயரிங் பல இடங்களில் இரண்டு கம்பி மட்டுமே. பிற்காலத்தில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் மாட்டியிருப்பார்கள், ஆனால் பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் அளவு 230-க்கு வெகுவாகக் கீழே அலைபாய்ந்தால் எர்த் இல்லை. வெறும் டெஸ்டரால் இது தெரியாது.

தீர்வு, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழி போட்டு, அங்கிருந்து அந்தப் பாயின்ட்டுக்குத் தனிக் கம்பி இழுப்பது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரி, உப்பு. நம் பகுதியின் செம்புறை மண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும், அதனால் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாத எர்த் சித்திரை வைகாசியில் பெயருக்குத்தான். கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்று. நியூட்ரலையும் எர்த் பின்னையும் சுவிட்ச் போர்டுக்குள் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்கவே வேண்டாம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கணினிப் பெட்டி நேரே ஃபேஸாகிவிடும்.

எர்த் வந்த பிறகும் ஒரு பலகையில் மட்டும் சுருசுருப்பு இருந்தால், அப்போது கேபினெட்டைச் சந்தேகிக்கலாம். அலுமினியத்தின் மேல் இருக்கும் ‘அனோடைஸ்’ படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் நான்கு திருகில் நிற்கும் மேல்மூடி மின்சார ரீதியில் பெட்டியோடு ஒட்டாமலே இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் கார்டின் எர்த் முனைக்கும் ஒவ்வொரு பலகையின் திருகுத் தலைக்கும், முடிந்தால் பலகையின் உட்பக்கம் ஒரு சிறு கீறலுக்கும், ஓம் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் பலகை சட்டத்தில் உட்காரும் இடத்தில், உள்பக்கமாக, சுண்டு விரல் நகம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துப் படலத்தை எடுத்துவிட்டு, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள். முன்பக்க யூஎஸ்பி அடிக்கடி விட்டு விட்டுப் பிடிப்பதும், ஹெட்ஃபோனில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் சில வேளை இதே வேலையில் சரியாகிவிடும்.

கேள்வி: மூடியைக் கழற்றி மாட்டியதில் ஒரு திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், புதுவயல்

பதில்: மரை போய்விட்டது. கணினியில் இரண்டு வகைத் திருகு உண்டு: எம்3, 6-32. இரண்டாவது சற்றுப் பருமன், புரி அகலம். எம்3 துளையில் 6-32-ஐ வைத்து முடுக்கினால் இரும்பு ஓரளவு தாங்கும், அலுமினியம் தாங்காது. அதோடு 1.5 மி.மீ. தகட்டில் எம்3-க்கு மொத்தமே மூன்று புரிதான் கிடைக்கும். இனிமேல் திருகை வைத்ததும் முதலில் இடப்பக்கம் பின்னோக்கிச் சுற்றுங்கள், ‘டிக்’கென்று புரி இறங்கும் இடம் தெரியும், அங்கிருந்து முடுக்குங்கள். மூன்று விரலால் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துத் திருகும் அழுத்தமே போதும், பேட்டரி டிரில் கூடவே கூடாது.

போன துளைக்கு வழி: 3.3 மி.மீ. டிரில் விட்டு எம்4 டேப் போடலாம், லேத் பட்டறையில் பத்து நிமிட வேலை. தகடு மெலிதாக இருந்தால் எம்3 ரிவெட் நட் நல்லது, அதுவே நெடுநாள் நிற்கும். எதுவானாலும் மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான். அலுமினியச் சுருள் ஒன்று போர்டின் அடியில் போய் உட்கார்ந்தால் திருகு விலையில் முடியாது.

கேள்வி: வெள்ளி நிறப் பெட்டியில் கைரேகையும் செம்மண் தூசியும் படிகிறது. எதைப் போட்டுத் துடைப்பது? ஆச்சி புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, கோட்டையூர்

பதில்: புளி பித்தளைக்கு. இதற்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, சோடா உப்பு, விபூதி, சாம்பல் எதுவும் வேண்டாம்.

பெட்டியின் மேல் இருப்பது பெயின்ட் இல்லை. அலுமினியத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சி, அதன் மேற்பரப்பையே ஆக்ஸைடாக வளர்க்கிறார்கள். அந்தப் படலம் நுண்துளைகளோடு வளரும். துளைக்குள் சாயத்தை ஏற்றி, கொதிநீரில் முக்கி மூடுகிறார்கள். சுத்தமான மின்வேதியியல் வேலை. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த நம் காரைக்குடி ‘செக்ரி’ (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் துறையே அதுதான். படலத்தின் தடிமன் பத்து மைக்ரான் அளவு. கடினமானது, ஆனால் அமிலம், காரம் இரண்டும் கரைத்துவிடும். கரைந்தால் திட்டுத் திட்டாக வெளிறும், திரும்ப வராது. ஈரத் துணியில் ஒரு சொட்டுப் பாத்திர லிக்விட், பிறகு காய்ந்த துணி. அவ்வளவுதான்.

தூசி உள்ளே போகாமல் இருக்க, உள்ளிழுக்கும் ஃபேனை வெளித்தள்ளும் ஃபேனைவிட வலுவாக வையுங்கள், காற்று வலை வழியாக மட்டும் வரும். திறந்த வளவை ஒட்டிய அறை என்றால் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபேனே இல்லாத அலுமினியப் பெட்டிகள் வருகின்றனவே, சத்தமே இருக்காதாம். நம் ஊருக்கு ஒத்துவருமா?
– வாசகர், அரியக்குடி

பதில்: இங்கேதான் அலுமினியம் தன் வேலையைக் காட்டுகிறது. பிராசஸரிலிருந்து வெப்பக் குழாய்கள் நேரே பக்கச் சுவரின் துடுப்புகளுக்குப் போவதால் பெட்டியே கூலர். ஆனால் 65 வாட் தாங்கும் என்று எழுதியிருந்தால், அது குளிர்ந்த அறையின் கணக்கு. இங்கே 35 வாட் பிராசஸரைப் போடுங்கள், அல்லது பயாஸில் சக்தியைக் குறைத்து வையுங்கள். சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. மேலே ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். காற்றோட்டமே இல்லாததால் எஸ்எஸ்டிக்கும் வெப்பத் திட்டு (தெர்மல் பேட்) ஒட்ட வேண்டும். கை வைத்தால் சுடும், பயப்பட வேண்டாம். பிராசஸரின் மேல் பூசும் ‘லிக்விட் மெட்டல்’ பேஸ்ட் மட்டும் பக்கத்திலேயே வர வேண்டாம்: அதிலுள்ள காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை மொறுமொறுவென்று உதிர வைத்துவிடும்.

கேள்வி: ஜன்னல், கதவு செய்யும் அலுமினியப் பட்டறையில் சொல்லிப் பெட்டியை நாமே செய்துகொள்ளலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: சட்டம் மட்டும் செய்யலாம். ஜன்னல் சட்டங்கள் 6063 ரகம், வெட்டி மூலை சேர்க்க அருமை, மடக்கினால் விரியும். மடக்க வேண்டிய தகடுகளுக்கு 5052 ரகம் கேளுங்கள். பட்டறையில் கைக்கு எளிதாகக் கிடைக்கும் ஏசிபி பலகையை எடுத்துவிடாதீர்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக், எர்த்தும் ஒழுங்காக ஓடாது, தீயும் பிடிக்கும். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டின் நான்கு துளைகளும் சதுரமாக இருக்கும் என்று நினைத்து அளந்து குறிக்க வேண்டாம், ஒன்று அந்தச் சதுரத்தின் மூலையிலிருந்து 23 மி.மீ. அளவு தள்ளி இருக்கும். போர்டையே காகிதத்தில் வைத்துத் துளைகளைக் குறித்து, அந்தக் காகிதத்தைத் தகட்டில் ஒட்டி டிரில் விடுங்கள். போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே 6 மி.மீ. பித்தளை ஸ்டாண்ட் கட்டாயம். பின்பக்கம் சாக்கெட்டுகள் வரும் சன்னலை வெட்டும்போது 2 மி.மீ. தாராளமாக விட்டு, பிறகு அரத்தால் தேய்த்துச் சேருங்கள்.